வாளிக்குள் இறங்கிய முகங்கள்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து மகிழ்வதற்கு நான் ஏன் இடம் வைக்க வேண்டும்? போன ஞாயிற்றுக்கிழமை என்னுடைய முகத்தையே நான் பேரம் பேசி வாங்கினேன். வாங்கி, பழைய பத்திரிகையில் சுற்றி, பைக்குள் போட்டு, பஸ் ஏறி, வீட்டு மேசையில் கொண்டுவந்து வைக்கும்வரை அது என் முகம் என்று எனக்குத் தெரியாது.

பூசை முடிந்து, இத்தாலியின் பலெர்மோ நகரில் கால்சா என்கிற பழைய பகுதிப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். ஞாயிறுகளில் அங்கே பழைய சாமான் விற்பவர்கள் நிலத்தில் துணி விரித்திருப்பார்கள். செத்தவர்களுடைய வீடுகளை ஒதுக்கும்போது கிடைக்கிற வெள்ளிக் கரண்டி, மாதா சுரூபம், ஒற்றைக் காதணி, யாரோ ஒருவருடைய கலியாணப் படம். அவற்றுக்கு நடுவே ஒரு மண் முகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. கண் மூடியிருந்தது, முகமூடிக்கு இருக்க வேண்டிய கண் துளைகூட இல்லை. வாய் மட்டும் ஆவென்று திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், "இதென்ன அவலட்சணம்" என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, இவ்வளவு அலுப்புப் பட்ட ஒரு ஆளை நிலத்தில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

கடைக்காரன் என்னைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். திரும்பவும் என்னைப் பார்த்துவிட்டு விலையை ஏற்றினான். நான் விடுவேனா? மூக்குச் சப்பை, தாடை கோணல், காது இரண்டும் கதவு திறந்த கார் மாதிரி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிக் குறைக்கச் சொன்னேன். அவன் குனிந்து இருமத் தொடங்கினான். பாவம், நெஞ்சுச் சளி என்று நினைத்தேன்.

வீட்டில் மகள் பத்திரிகையைப் பிரித்தாள். இங்கே பிறந்தவள், பாதித் தமிழும் பாதி பலெர்மோச் சந்தையும் கலந்து பேசுவாள்.

"அப்பா, மா ஸெய் தூ! இது நீங்கள் எல்லோ!"

"விசர்க்கதை கதையாதை."

மனைவி குசினிக்குள்ளிருந்து கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தாள். "ஓம் ஓம். பின்னேரம் சோபாவில கிடக்கிற மாதிரியேதான் கிடக்கு."

அப்போதுகூட நான் நம்பவில்லை. தூசி துடைப்போம் என்று ஈரத் துணியை எடுத்து நெற்றியில் வைத்தேன். சுட்ட மண்ணில் தண்ணீர் படும்போது எழுமே ஒரு வாசம், அது எழுந்தது. பின்பக்கம் திருப்பினேன். குழி குழியாகப் பெருவிரல் தடங்கள். முன்பக்கம் நெற்றி, கன்னம், உதடு எல்லாவற்றிலும் சாக்கின் பின்னல் மெல்லிய வலை மாதிரிப் பதிந்திருந்தது. இந்த உலகத்தில் முகத்தைச் சாக்கில் வைத்துச் செய்கிற ஆள் ஒருவன்தான். நான் கதிரையில் இருந்துவிட்டேன். கொட்டாவி ஒன்றும் வரவில்லை, வேறென்னவோ வந்தது.

அவன் பெயர் கணவதி.

எங்கள் நாட்டின் கிழக்குக் கரையில், வாகரைப் பக்கம், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே தமிழ் பேசுகிற வேடர்கள் இருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் வருவதற்கு முன்னமே அந்த மண்ணில் இருந்த ஆதிக்குடிகள். கணவதி அவர்களில் ஒருவன். நான் தீவான், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவொன்றில் பிறந்த வேதக்காரன். எங்களுக்குத் தெரிந்த வேடன், பள்ளிக்கூட நாடகத்தில் கோழிச்செட்டை செருகிக்கொண்டு வருகிறவன்தான். கோவில் மண்டபத்தில் எங்கள் ஆட்களின் மதியச் சாப்பாட்டுக்குக் கணவதி முதல்முதலாக வந்த அன்று, அவன் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பெரியவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் கேட்டார்.

"அப்ப தம்பி, அம்பு வில்லெல்லாம் எங்கை?"

கணவதி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "பிளேனுக்க ஏத்தமாட்டன் எண்டுட்டானுகள் அண்ணே. கட்டுநாயக்காவில குடுத்துட்டு வந்தன். போற நேரம் எடுக்கணும்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பெரியவர் மட்டும் மோரைக் குடித்தார். எனக்கு அன்றைக்கே அவனைப் பிடித்துவிட்டது. பகிடி விடுவது என் தனிச்சொத்து என்று நினைத்திருந்த எனக்கு, ஒரே வசனத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறவனைக் கண்டதும் கொஞ்சம் பொறாமையும் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது நான் பல்லரோச் சந்தைக்கு மேலே ஓர் அறையில் இருந்தேன். அவனும் வந்து சேர்ந்துகொண்டான். காலையில் மீன்காரர்கள் போடும் கூச்சல்தான் எங்களுக்கு அலாரம். யன்னலைத் திறந்தால் அவித்த வெங்காயத்தின் மணமும் வாள்மீனின் மணமும் ஒன்றாக ஏறிவரும். முதல் நாள் காலை கணவதி யன்னலால் எட்டிப் பார்த்து நெடுநேரம் நின்றான். "மச்சான், இவனுகள் மீன் விக்கிறானுகளா, இல்லாட்டி மீன் செத்ததுக்கு ஒப்பாரி வைக்கிறானுகளா?" இன்றைக்கும் பல்லரோவுக்குள் நுழைந்தால் எனக்கு ஒப்பாரிதான் கேட்கிறது.

நான் வேலை செய்த பட்டறை நகர ஓரத்தில், பிரான்காச்சோவில். பஸ்ஸில் போக வேண்டும். இந்த ஊர் பால்கனிகளில் தலை வடிவத்தில் பூச்சட்டி வைத்திருப்பார்கள், கண்டிருப்பீர்கள். முடிசூடிய கறுத்த ராசா ஒருவர், பக்கத்தில் வெள்ளை ராணி, இருவருடைய மண்டைக்குள்ளும் செடி. அவற்றைச் செய்கிற பட்டறை. எனக்கு வேலை, சுட்ட தலைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவது. பத்ரோன் என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி, காலையிலிருந்து மாலைவரை எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லித் திட்டுகிற பக்திமான். அவரிடம் சொல்லிக் கணவதியையும் சேர்த்துவிட்டேன்.

அந்தத் தலைகளுக்கு ஒரு கதை உண்டு. கால்சாவில் இருந்த ஒரு பெண், தன்னை ஏமாற்றிய காதலனின் தலையை வெட்டி அதில் செடி நட்டாளாம். தன் கண்ணீரையே ஊற்றி வளர்த்தாளாம். நான் இதை வெட்டும் குத்துமாக, நடித்தும் காட்டி, கணவதிக்குச் சொன்னேன். அவன் வெட்டை விட்டுவிட்டான்.

"தண்ணி ஊத்தினதும் அவதானே?"

"ஓம்."

"அப்ப சரி."

என்ன சரி என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டான்.

அவனுக்குக் கொடுத்த வேலை அச்சில் மண் அமுக்குவது. சாந்தில் செய்த பாதி முக அச்சு குழிவாகக் கிடக்கும். அதற்குள் மண் தட்டையை வைத்துப் பெருவிரலால் உள்ளிருந்து அமுக்க வேண்டும். அமுக்குகிறவனுக்கு முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். மற்ற வேலைக்காரர்களுக்கு மூக்கு நுனியில் மண் போகாது, உதட்டில் வெடிப்பு விழும். கணவதி அமுக்கினால் ராணிக்கு நாசித் துளைவரை வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவான். நித்திரை கொள்கிறான் என்று பத்ரோன் ஒரு நாள் கத்தினார். கணவதி கண்ணைத் திறக்காமலே என்னிடம் சொன்னான்:

"சொல்லு அவருக்கு. மரப்பொந்துக்குள்ள தேன் எடுக்கக்குள்ள கண் வெளியிலதான் நிக்கும். கைதான் உள்ள போகும். கண் துறந்திருந்தா கைக்குப் பயம் வரும்."

நான் பத்ரோனுக்கு, "ஜெபிக்கிறான்" என்று மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

இப்படி இருக்கையில் ராணியின் அச்சு உடைந்தது. உடைத்தது நானென்று நினைப்பீர்கள். என் சரித்திரத்தைப் பார்த்தால் நியாயந்தான். ஆனால் அன்று போட்டுடைத்தவர் பத்ரோனே. சுவரில் இருந்த புனிதர் படத்தைப் பார்த்துக் கை நீட்டித் திட்டும்போது முழங்கை பட்டது. புது அச்சு வரும்வரை ராணிக்கு வேலை இல்லை. கணவதிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மண் கரைக்கிற வாளி ஒன்றின் வாயில் ஈரச் சாக்கைத் தொய்வாகக் கட்டினான். அதன்மேல் மண் தட்டையைப் போட்டான். கண்ணை மூடி, இடக்கையால் தன் முகத்தைத் தானே தடவித் தடவி, வலக்கைப் பெருவிரலால் மேலேயிருந்து அமுக்கினான். மண் மெல்ல மெல்ல வாளிக்குள் இறங்கியது. கொஞ்சம் இறுகிய பிறகு தூக்கித் திருப்பினான்.

ஒரு பெண்ணின் முகம். கண் மூடியிருந்தது. ராணி இல்லை.

எல்லோரும் வந்து நின்று பார்த்தோம். பத்ரோன் எந்தப் புனிதரையும் கூப்பிடவில்லை. "ஆரடா இது?" என்று கேட்டேன்.

"அக்கா எண்டு நினைச்சன். இல்ல." சொல்லிவிட்டு முகத்தை இரண்டாக மடித்து, வாளிக்குள் கிடந்த மண் தண்ணீரில் போட்டுவிட்டான்.

அக்காவையும் வீட்டையும் சுனாமியாகக் கடல் வந்த காலை கொண்டுபோய்விட்டது. வீட்டோடு அவவின் ஒரேயொரு படமும் போனது. தாய் தகப்பன் இல்லாமல் அவனை வளர்த்தவ அவ. முகம் நினைவில் வரும், ஆனால் நிற்காது, தண்ணீரில் தெரிகிற நிலவு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும் என்றான். ஆனால் கைக்குத் தெரியுமாம். கைக்குத் தெரிந்ததை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. பத்ரோன் திறப்பைத் தந்துவிட்டார். நாங்கள் சோறும் கறியும் கட்டிக்கொண்டு பூட்டிக் கிடக்கும் பட்டறைக்குப் போவோம். கணவதி அக்காவைத் தேடுவான். தன் முகத்தில் கிடைக்காததை மற்றவர்களுடைய முகங்களில் தேடத் தொடங்கினான். எங்கள் ஆட்களில் ஒருவர் பாக்கி இல்லை. மன்னார் ஜெசிந்தா அக்காவின் நெற்றி, பேக்கரியில் வேலை செய்த ஒரு பெடியனின் கன்ன எலும்பு, அம்பு வில் கேட்ட அந்தப் பெரியவரின் மூக்குக்கூட. பெரியவர் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து வாளிக்குப் பக்கத்தில் இருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்களுடைய முகங்கள் சூளைக்குப் போயின. அக்காவுக்கென்று செய்தவை ஒன்றும் போகவில்லை. திருப்பிப் பார்ப்பான், "இல்ல" என்பான், வாளிக்குள் போடுவான்.

"ஒண்டையாவது வைச்சிரடா. கிட்டத்தட்டச் சரிதானே?"

"கிட்டத்தட்ட எண்டா மத்தவன்ட அக்கா."

என் முறையும் வந்தது. அன்றைக்கு மீசையைத் திருத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, இடப்பக்கம்தான் எனக்கு எடுப்பு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் இருந்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு இடக்கையை என் முகத்தில் வைத்தான். முதலில் கூச்சம். பிறகு ஒரு மாதிரிச் சுகம். ஒருவர் நம் முகத்தை அவ்வளவு மெதுவாகத் தொட்டு எவ்வளவு காலமாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்; வந்த நாட்டில் யாரும் யாரையும் அப்படித் தொடுவதில்லை. மத்தியானம் சாப்பிட்ட சோறு வேறு. எனக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்தது. அவன் கை அப்படியே நின்றது. பெருவிரல் மட்டும் வேலை செய்தது.

திருப்பியபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மீசையைத் திருத்திக்கொண்டு வந்தவனுக்கு இதையோ செய்தனி?"

"மீசை நீ வச்சது. இது உன்ட."

அந்த முகத்தை நான் வாங்க மறுத்துவிட்டேன். அது பட்டறைச் சுவரில் மற்றவர்களோடு தொங்கியது.

பால்கனிக்குச் சட்டி வாங்க வந்த ஒரு சிஞ்ஞோரா, இத்தாலியச் சீமாட்டி, அந்தச் சுவரைக் கண்டார். கால்சாவில் திருத்திய பழைய மாளிகை ஒன்றில் சின்ன மண்டபம் வைத்திருந்தவர். கண்காட்சி வைப்போம் என்றார். அந்த நிமிடமே நான் கணவதியின் மனேஜர், மொழிபெயர்ப்பாளர், தத்துவாசிரியர் எல்லாமாகிவிட்டேன். என்னை யாரும் நியமிக்கவில்லை.

திறப்பு விழா நாள் வந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் பூசைக்குப் போகிற உடுப்போடு வந்து, தங்கள் தங்கள் முகங்களுக்குக் கீழே காவல் நின்றார்கள். சிஞ்ஞோரா கேட்டார்: "ஆதிக்குடி மக்கள் என்கிறீர்களே, இந்த முகமூடிகள் உங்கள் மரபா?" நான் கணவதியிடம் தமிழில் கேட்டேன். "இல்ல. எங்கட ஆக்களுக்கிட்ட முகமூடி ஒண்டும் இல்ல" என்றான். நான் சிஞ்ஞோராவிடம் திரும்பி, "ஆயிரம் ஆண்டு மரபு!" என்றேன். காடு, நிலவு, பறை, தீ எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினேன். கோழிச்செட்டை ஒன்றுதான் பாக்கி. கணவதி என் சட்டையை இழுத்தான்.

"மில்லே எண்டா ஆயிரம்தானே? சம்பளத்துல வாறது."

"நல்லதுக்குத்தான் சொல்லுறன், சும்மா நில்லடா."

அவன் நிற்கவில்லை. சிஞ்ஞோராவுக்கு முன்னால் போய்த் தன்னுடைய நாலு சொல் இத்தாலியனில் சொன்னான்: "நோ மில்லே. இயோ, பிரான்காச்சோ. வாளி." ஆயிரமில்லை, நான்தான், பிரான்காச்சோவில் என்று அர்த்தம். வாளிக்கு இத்தாலியன் தெரியவில்லை; கையால் வட்டம் போட்டுக் காட்டினான்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சிஞ்ஞோரா சிரித்துவிட்டு, "முகமூடி இல்லாத ஊர்க்காரர் ஏன் முகமூடி செய்கிறார்?" என்று கேட்டார். கணவதி என்னைப் பார்த்தான். "இப்ப நான் சொல்றத மட்டும் சொல்லு" என்றான். ஒன்றாக உண்டு உறங்கிய நான் அந்தக் கதையை முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான், மொழிபெயர்க்க வேண்டியிருந்தபடியால்.

அவர்களுடைய சடங்கு கடற்கரையில் பச்சைக் கொத்தால் பந்தல் போட்டு நடக்கும். முகமூடி எதற்கு? தெய்வம் வந்தால் முகமே மாறிவிடும். அவன் வீட்டில் தெய்வம் வருவது அக்காவுக்கு. ஆடும்போது அந்த முகம் வேறு யாருடையதோ. பிறகு தண்ணீர் தெளித்துத் தெய்வத்தை அனுப்ப வேண்டும். வந்ததைப் பிடித்து வைக்கக் கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நன்றாகக் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும். அந்தத் தண்ணீரை ஊற்றுவது அவன் பொறுப்பு. ஊற்றியதும் அக்கா அவன் கையில் சாய்வா. அந்த நேரம், தெய்வம் போய்விட்டது, அக்கா இன்னும் திரும்பி வரவில்லை. அந்த இடைவெளியில் இடக்கையால் அவவின் முகத்தைத் துடைத்துவிடுவான்.

"அந்த முகம்தான் வேணும்" என்றான். "ஒருத்தரும் இல்லாத முகம். அடுத்ததா வாறது அக்காதான் எண்டு தெரிஞ்ச முகம்."

இதை மொழிபெயர்க்க என் இத்தாலியன் போதவில்லை. பாதி சொல்லிவிட்டு நின்றேன். சிஞ்ஞோரா சுவர் நீளத்துக்கு நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒன்றின் முன்னால் நின்றார்.

"இதிலும் ஆள் இல்லை" என்றார்.

என் கொட்டாவி. கணவதி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். சிஞ்ஞோரா அதைத்தான் தன் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டார். நான், என்னிடம் பெறுமதியாக இருந்த ஒரே பொருளை வேண்டாமென்று சொன்னவன், அவருக்குக் கதவு திறந்துவிட்டேன்.

பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கணவதி புகழ் பெறவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல இருவரும் பிரான்காச்சோ பஸ்ஸைப் பிடித்தோம். பத்ரோனுக்கு நெஞ்சுவலி வந்தது, பிள்ளைகள் மிலானோவுக்குப் போய்விட்டார்கள், பட்டறை பூட்டப்பட்டது. எனக்கு ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கணவதி, "போறன் மச்சான். அங்க மண்ணும் இரிக்கு, கடலும் இரிக்கு" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனான். விமான நிலையத்தில், "அம்பு வில்லை எடுக்க மறந்திடாதை" என்றேன். எப்போதும் எனக்கு வாயில் வருவது அதுதான். வர வேண்டியது வராது.

அந்தப் பட்டறை இப்போது பொதிகள் வந்து இறங்கும் கிடங்கு. பல்லரோவில் எங்கள் அறை உல்லாசப் பயணிகளுக்கு. யன்னலில் பூச்சட்டித் தலை ஒன்று வைத்திருக்கிறார்கள், அச்சில் வார்த்த மலிவுச் சாமான். ஜெசிந்தா அக்கா லண்டனில். பெரியவர் இந்த ஊர்ச் சேமக்காலையிலேயே கல்லறைக்குள் இருக்கிறார். அவர் மூக்கு யார் வீட்டில் இருக்கிறதோ தெரியாது. சிஞ்ஞோராவும் போய்விட்டார் என்பதை அந்தப் பழைய சாமான் துணிதான் எனக்குச் சொன்னது. முகத்தைத் தடவிப் பார்த்து இதுதான் நீ என்று சொல்ல இந்த நகரத்தில் இப்போது யாருமில்லை. பொலிஸ் நிலையத்தில் விரல் அடையாளம் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே முகத்தைப் படமெடுத்துக் கணவதிக்கு அனுப்பினேன். "மச்சான், என்னை நானே வாங்கிப்போட்டன்" என்று எழுதி, விலையையும் சொன்னேன்.

"விலை கூட" என்று பதில் வந்தது.

நான் சிரித்துவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஆனால் இவ்வளவு காலமும் கேட்கப் பயந்த ஒன்று கிடந்தது. கேட்டால் "இல்ல" என்பானோ என்ற பயம். பலமுறை எழுதி அழித்து, கடைசியில் அனுப்பினேன்: "மண்ணில அக்கா வந்தவவோ?"

அடுத்த நாள் காலை, மீன்காரர்களின் ஒப்பாரி தொடங்கிய நேரம், பல்லரோவுக்குள் நடந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

"வந்தவ. தண்ணி ஊத்தி அனுப்பிட்டன்."